மின்சார சைக்கிள் மோட்டாரும் கன்வெர்ஷன் கிட்டும் யாரிடம் நம்பி வாங்கலாம்?

சாதாரண சைக்கிளை மின்சார சைக்கிளாக மாற்றும் மோட்டாரையும் கிட்டையும் எந்த விற்பனையாளரிடம் நம்பி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கடைகளின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இந்த வணிகத்தில் இன்று இருக்கும் கடை அடுத்த ஆண்டு இருக்கும் என்று சொல்வதற்கில்லை. இருந்தாலும் அதே சரக்கை விற்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே விற்பவரை எடைபோட நான் கடைப்பிடிக்கும் வழியையே எழுதுகிறேன். கோயம்புத்தூரில் வசிக்கிறேன். அலுவலகத்துக்குப் போய்வர நாளொன்றுக்கு 18 கிலோமீட்டர் சைக்கிளில்தான் செல்கிறேன். அந்த ஒரே சைக்கிளில் இரண்டு கிட்டுகளைப் பொருத்தியிருக்கிறேன், முதலாவதில் ஏமாந்தேன்.

முதல் கிட்டை 2021இல் இணையத்தில் நட்சத்திரக் குறிகளை நம்பி வாங்கினேன். 26 அங்குலச் சக்கரத்தோடு கோத்த 36 வோல்ட், 250 வாட் கியர் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார். பேட்டரி நீங்கலாக 14,500 ரூபாய். ஐப்பசி மழையில் ஒருநாள் வண்டி நடுவழியில் நின்றது. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் நீர் புகுந்திருந்தது. வயர் நுழையும் பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி பெட்டியைக் கட்டியிருந்தேன். அது என் தவறு, விற்றவர் மீது பழி சொல்ல மாட்டேன். ஆனால் புதிய கன்ட்ரோலர் ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, தனியாகக் கிடையாது, முழு கிட்டாகத்தான் வாங்க வேண்டும் என்று பதில் வந்ததே, அதைத்தான் ஏமாற்றம் என்கிறேன். தெரு முனையில் பம்ப்செட் மோட்டாருக்கு வைண்டிங் செய்யும் பட்டறைக்காரர் ஹப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மோட்டார்ல ஒரு குறையும் இல்லீங்க, பொட்டிதான் போயிருச்சுங்க" என்றார். பம்ப் மோட்டார்களுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, நல்ல நிலையில் இருக்கும் மோட்டார் ஒன்றை ஓட்ட வழியில்லாமல் ஒரு மாதம் பஸ்ஸில் போனேன்.

வேறு கடையில் கன்ட்ரோலர் வாங்கிப் பொருத்தலாமே என்று தோன்றும். பொருத்தலாம், ஆனால் அது எளிதன்று. பிரஷ் இல்லாத மோட்டாரிலிருந்து மின்சாரம் பாயும் மூன்று பேஸ் வயர்களும், காந்தம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் ஹால் சென்சர்களுக்கான ஐந்து மெல்லிய வயர்களும் வெளிவருகின்றன. வயர்களின் நிறம் ஒன்றாக இருந்தாலும் வரிசை ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மூன்று பேஸ் வயர்களையும் மூன்று ஹால் சிக்னல் வயர்களையும் 36 விதமாக இணைக்கலாம். அவற்றில் 6 இணைப்புகளில்தான் மோட்டார் ஒழுங்காகச் சுழலும், அந்த 6இலும் பாதி பின்பக்கமாகச் சுழற்றும். தவறான இணைப்பில், கைப்பிடியில் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் திருகினால் மோட்டார் உதறிக்கொண்டு மிகையான மின்னோட்டத்தை இழுக்கும். புதிதாக வாங்கிய கன்ட்ரோலரும் போய்விடக்கூடும்.

அன்றிலிருந்து எந்த விற்பனையாளரிடமும் முதலில் கிட்டின் விலையைக் கேட்பதில்லை. கன்ட்ரோலர் மட்டும் என்ன விலை, த்ராட்டில் மட்டும் என்ன விலை, மோட்டாரின் உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரங்கள் தேய்ந்தால் மாற்று உண்டா, பிரேக் லீவரில் இருக்கும் மின் துண்டிப்பு சுவிட்ச் தனியாகத் தருவீர்களா என்று கேட்கிறேன். உடனே விலை சொல்பவர் சரக்கை இருப்பில் வைத்திருக்கிறார், முன்பு வாங்கியவர்கள் அவரிடம் திரும்பி வருகிறார்கள் என்று பொருள். 'அதெல்லாம் கெட்டுப்போகாது சார்' என்று சொல்பவர் பெட்டியை வாங்கிப் பெட்டியை விற்கிறார், அவ்வளவுதான்.

அடுத்து நான் கவனிப்பது, விற்பவர் என்னிடம் ஏதாவது கேட்கிறாரா என்பது. நல்ல விற்பனையாளர் உங்கள் பணத்தை வாங்குவதற்கு முன் உங்கள் சைக்கிளைப் பற்றி விசாரிப்பார். சக்கரம் எத்தனை அங்குலம், டிஸ்க் பிரேக்கா ரிம் பிரேக்கா, பின்பக்கப் பல்சக்கரம் மறையால் ஏற்றும் ஃப்ரீவீலா அல்லது செருகி ஏற்றும் கேசட்டா, சக்கரம் உட்காரும் இடத்தின் உள் அகலம் எவ்வளவு என்று கேட்பார். மலைச் சைக்கிள் வகைகளில் அந்த அகலம் பெரும்பாலும் முன்னால் 100 மில்லிமீட்டர், பின்னால் 135 மில்லிமீட்டர் இருக்கும்; பழைய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிள்களில் இந்த அளவை எதிர்பார்க்கவே கூடாது, அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். ஹப் மோட்டாரின் அச்சில் இரண்டு பக்கமும் தட்டையாகச் செதுக்கப்பட்டிருக்கும். மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும்போது அச்சு பின்னோக்கித் திரும்ப முயலும், அதை ஃபோர்க்கில் அச்சு உட்காரும் காடிதான் தாங்க வேண்டும். காடி மெல்லியதாகவோ அலுமினியத்தாலோ இருந்தால் நாளடைவில் அகன்று, சக்கரம் கழன்று, வயர் முறுக்கி அறுந்துவிடும். இதற்காகப் பொருத்தும் இரும்புப் பட்டைக்கு டார்க் ஆர்ம் என்று பெயர். கிட்டோடு அது வருகிறதா என்று நீங்கள் கேட்பதற்கு முன் விற்பவரே அதைப் பற்றிப் பேசினால், அந்த இடத்தில் தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து.

மூன்றாவதாக, எண்களில் நேர்மை. ஒரே மோட்டாரை 250 வாட், 350 வாட், 500 வாட் என மூன்று விதமாக ஸ்டிக்கர் ஒட்டி விற்பதைப் பார்க்கலாம். வாட்டைவிட இரண்டு எண்கள் உண்மையைச் சொல்லும்: கன்ட்ரோலர் அதிகபட்சமாக எத்தனை ஆம்பியர் விடும், மோட்டார் அந்த வோல்ட்டில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும். 36 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 540 வாட் வரை பேட்டரியிலிருந்து எடுக்கும். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.07 மீட்டர், ஆகவே நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் மணிக்கு 25 கிலோமீட்டர். சந்தையில் பரவலாக விற்கப்படும் 328 சுற்று மோட்டாரை அதே சக்கரத்தில் கோத்தால் சுமையில்லாமல் 40 கிலோமீட்டரைத் தொடும்; ஆள் ஏறியபின் குறையும் என்றாலும் 25க்குள் அடங்காது.

இந்த 25ஐ நான் வலியுறுத்தக் காரணம் சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 30 நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால்தான் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அதை மீறினால் பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் கேட்கப்படும். இந்த விலக்குக்கான சான்றிதழ், புனேயின் ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனங்கள் ஒரு வாகன மாடலைச் சோதித்துத் தருவது. ஆகவே 'ஆர்டிஓ அப்ரூவ்டு கிட்' என்று சொல்பவரிடம் அந்தச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். 1000 வாட் கிட்டைக் காட்டி, லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்பவரிடம் அதற்குமேல் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

நல்ல விற்பனையாளர் எவ்வளவு விவரம் தர முடியும் என்பதற்கு அளவுகோல் வேண்டுமானால், கனடாவின் வான்கூவரில் உள்ள கிரின் டெக்னாலஜீஸ் தளத்தைப் பாருங்கள். மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, சக்கர அளவு, ஏற்றத்தின் சரிவு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் வேகம் எவ்வளவு, மோட்டார் எவ்வளவு நேரத்தில் சூடாகும் என்று வரைபடமாகக் காட்டும் கணிப்பானை இலவசமாக வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வரவழைப்பது கூரியர் கட்டணத்தையும் சுங்க வரியையும் சேர்த்தால் நமக்குக் கட்டாது; ஆனால் அரை மணி நேரம் அதில் விளையாடிவிட்டு உள்ளூர் விற்பனையாளரிடம் பேசினால் பேச்சே வேறாக இருக்கும். சீனத் தளங்களிலிருந்து நேரே வாங்குவது ஒருகாலத்தில் மலிவாக இருந்தது. 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் உள்ளிட்ட 43 செயலிகளை அரசு தடைசெய்த பிறகு அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிட்டது.

பேட்டரியைக் கிட்டோடு சேர்த்து வாங்காதீர்கள் என்பேன். மோட்டார் விற்பவர்களில் பலர் பேட்டரியை வேறெங்கோ கட்டி வாங்கி விற்கிறார்கள், உள்ளே என்ன செல் என்று அவர்களுக்கே தெரிவதில்லை. 36 வோல்ட் லித்தியம் அயன் பேட்டரி என்பது வரிசையாக 10 செல்கள். முழுக்க ஏறினால் 42 வோல்ட் காட்டும். 10 ஆம்பியர் மணி வேண்டுமானால், 2,500 அல்லது 2,600 மில்லி ஆம்பியர் மணி கொண்ட 18650 என்ற அளவுச் செல்கள் 40 தேவை. ஒரு செல் சுமார் 45 கிராம். ஆகச் செல்கள் மட்டுமே 1.8 கிலோ, உறையும், செல்களைக் காக்கும் பிஎம்எஸ் மின்சுற்றுப் பலகையும் சேர்ந்தால் 2 கிலோவைத் தாண்டும். நான் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்த ஒரு '10 ஆம்பியர்' பேட்டரி 1,300 கிராம் இருந்தது. நல்ல நிறுவனங்களின் 18650 செல்லே 3,500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித்தான் நிற்கிறது. ஒரே செல்லில் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். பேட்டரியைக் கட்டுபவரின் இடத்துக்கே போய், செல்லின் பெயரைப் பார்த்து, ஸ்பாட் வெல்டிங்கைப் பார்த்து வாங்குவதே உத்தமம். தனி லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் முதல் உலகளவில் தடை இருக்கிறது. சாலை வழியே பல நாள் உருண்டு வரும் பேட்டரி கோளாறாக இருந்தால் திருப்பி அனுப்புவதும் அதே பாடுதான். அருகில் கட்டித்தரும் ஆளைத் தேடுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஓடும் தூரத்தையும் நீங்களே கணக்கிடலாம்: 36 வோல்ட்டை 10 ஆம்பியர் மணியால் பெருக்கினால் 360 வாட் மணி. மிதிக்காமல் போனால் கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட் மணி செலவாகும், ஆக 24 முதல் 30 கிலோமீட்டர். 'ஒரே சார்ஜில் 70' என்பவர் உங்கள் கால்களையும் சேர்த்து விற்கிறார்.

பில் கேட்கத் தயங்காதீர்கள். பில்லில் இருக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் இட்டால், யார் பெயரில், எந்த ஆண்டிலிருந்து பதிவு, இப்போது நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு. இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் செய்தது என்பதும் இருந்தாக வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, இணைய வணிகத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பில் இல்லாமல் இவற்றில் எதையும் சாதிப்பது கடினம்.

எந்த வகைக் கிட் என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுடையது கிராமத்து ரோட்ஸ்டர் சைக்கிள் என்றால், எம்ஒய்1016 என்ற பெயரில் விற்கும் 24 வோல்ட், 250 வாட் கார்பன் பிரஷ் மோட்டாரும் தனிச் செயினும் கொண்ட மலிவான கிட்டை இகழ வேண்டாம். சத்தம் போடும், அழகாக இருக்காது. ஆனால் ஹால் சென்சர் தொல்லை இல்லை, பிரஷ் தேய்ந்தால் உள்ளூர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். பெடல் அச்சில் பொருத்தும் பாஃபாங் போன்ற மிட் டிரைவ் மோட்டார்கள் ஏற்றத்தில் அருமையானவை, ஆனால் அவை 68 முதல் 73 மில்லிமீட்டர் அகலமுள்ள பெடல் அச்சுக் கூட்டுக்காகச் செய்யப்பட்டவை. பெடல் கையை ஆப்பு ஆணியால் இறுக்கிய பழைய காட்டர் பின் சைக்கிளில் நேராக ஏறும் என்று எண்ணி முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது கிட்டை வாங்குவதற்கு முன் மூன்று கடைகளுக்குப் போன் செய்தேன். ஒருவர் எடுக்கவில்லை, ஒருவர் விலையை மட்டும் சொன்னார். மூன்றாமவர் ஃபோர்க்கின் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லி, காடியை அரம் வைத்துத் தேய்க்க வேண்டாம், பின்சக்கரத்துக்கே போய்விடுங்கள் என்றார். அப்போதும் உடனே கிட்டுக்குப் பணம் கட்டவில்லை. சோதித்துப் பார்க்க ஒரு த்ராட்டில் மட்டும் வரவழைத்தேன். நான்காம் நாள் அது பில்லோடும், எந்த நிற வயர் எதற்கு என்று கையால் எழுதிய அரைத்தாளோடும் வந்து சேர்ந்தது. அன்று மாலையே கிட்டுக்குப் பணம் அனுப்பினேன். கிட் இன்றும் ஓடுகிறது, கன்ட்ரோலர் பெட்டியின் வயர் பக்கம் இப்போது கீழ்நோக்கி இருக்கிறது, அந்த த்ராட்டில் மேசை இழுப்பறையில் உபரியாகக் கிடக்கிறது.