இறங்குவதற்கும் பயிற்சி வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 43. அலுவலகத் தோழிகள் வரும் டிசம்பரில் உத்தராகண்டில் உள்ள கேதார்கந்தா சிகரத்துக்கு டிரெக்கிங் செல்கிறார்கள், என்னையும் அழைக்கிறார்கள். இதுவரை நான் எந்த மலையிலும் ஏறியதில்லை. தினமும் பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அது போதுமா? சென்னையில் இருந்துகொண்டு வேறு என்ன பயிற்சி செய்ய முடியும்?
- ஒரு வாசகி, அடையாறு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தினசரி நடையால் மூச்சுக்கும் இதயத்துக்கும் வேண்டிய அடித்தளம் உங்களுக்கு அமைந்திருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அது மட்டும் போதாது. புதிதாக மலையேறுபவர்கள் எல்லோரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் அவர்களைப் படுத்துவது இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்று இளைப்பாறலாம். இறங்கும்போதோ ஒவ்வோர் அடியிலும் உடலின் முழு எடையையும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சமதரையில் எவ்வளவு நடந்தாலும் அந்த வேலை தசைக்குப் பழகாது. அதனால்தான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை கல்லாக இறுகி, மாடிப்படி இறங்கவே முடியாமல் போகிறது.

இதற்கான பயிற்சிக்கூடம் உங்கள் குடியிருப்பின் மாடிப்படிதான். முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி, முதலில் இரண்டு கிலோ, பிறகு ஐந்து கிலோ வரை சுமந்துகொண்டு ஏறுங்கள். இறங்கும்போது லிஃப்டைத் தேடாமல், முட்டியைச் சற்றே மடக்கி, பாதத்தைத் 'தொம்' என்று போடாமல் மெதுவாக வைத்து இறங்குங்கள். வாரத்துக்கு மூன்று நாள் போதும். முட்டி வீங்கினாலோ, குத்துவது போல் வலித்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பரங்கிமலைப் படிகள்; அது எளிதானதும், ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட திருக்கழுக்குன்றம். உண்மையான மலைப்பாதைக்கு ஏலகிரியின் சுவாமிமலை மிகப் பொருத்தமானது. இப்படி ஒருமுறை வலித்துத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைச் செய்தாலும் அவ்வளவாக வலிப்பதில்லை. ஆகவே உங்கள் கடைசி மலை இறக்கம், பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக அமையட்டும்.

காட்டுப்பாதை எதுவானாலும் வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் சென்னையிலிருந்து ஆசையாகக் கிளம்பிப் போனவர்கள். அந்த வேதனை இன்னும் ஆறவில்லை. 2024 முதல் 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தின் கீழ் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்ட பாதைகளுக்கு இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். வழிகாட்டியும் உடன் வருவார். எளிய பாதையிலிருந்தே தொடங்குங்கள்.

ஷூவை மாலையில், பாதம் சற்று உப்பியிருக்கும் நேரத்தில், போடப்போகும் கனமான சாக்ஸுடன் போட்டுப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே சரிவான இடத்தில் நின்று பாருங்கள். விரல் நுனி முன்பக்கம் இடித்தால் அந்த ஷூ வேண்டாம், இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். பயணத்துக்கு முன் ஒரு மாதமாவது அதை அணிந்து நடந்து பழக்குங்கள்.

கேதார்கந்தா ஏறத்தாழ 12,500 அடி உயரம். எட்டாயிரம் அடிக்கு மேல் காற்றின் அழுத்தம் குறைவதால், நல்ல உடல்வலு உள்ளவர்களுக்கும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். வந்தால் தோழிகளுக்குத் தொந்தரவாகுமே என்று மறைக்காமல் வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள். குறையும்வரை மேலே ஏறாதீர்கள், அதிகரித்தால் இறங்கிவிடுங்கள்.

நவம்பருக்குள் சுவாமிமலை ஏறி இறங்கி, மறுநாள் இயல்பாக அலுவலகம் போக முடிந்தால் தாராளமாகக் கிளம்புங்கள். முடியவில்லையென்றால் இந்த ஆண்டு வேண்டாம் என்று தோழிகளிடம் தயங்காமல் சொல்லிவிட்டு, பயிற்சியைத் தொடருங்கள்.