பச்சை பாய்ந்த கல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரிசோனாவில் வேலை பார்க்கும் என் அண்ணன், அங்குள்ள பழம்பொருள் கடை ஒன்றில் டர்க்காய்ஸ் கல் பதித்த வெள்ளிக் காப்பை வாங்கிவந்து எனக்குக் கொடுத்தார். செவ்விந்தியர் கையால் செய்தது, எழுபது ஆண்டுப் பழையது என்று கடைக்காரர் சொன்னாராம். ஆனால் 925 முத்திரை எங்குமே இல்லை, வெள்ளி கறுத்திருக்கிறது, கல்லும் வானநீலமாக இல்லாமல் பச்சை பாய்ந்திருக்கிறது. எங்கள் ஊர் வெள்ளிக்கடையில் பாலிஷ் போட்டுப் புதிதுபோல ஆக்கித் தருகிறேன் என்கிறார்கள். அண்ணன் ஏமாந்துவிட்டாரா? படங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

காப்பை வெள்ளிக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். நெருப்பில் காட்டி அமிலத்தில் முக்கினால் கல் கெட்டுவிடும் என்பது ஒருபுறம் இருக்க, அந்த நகையின் வயதையும் செய்முறையையும் சொல்லக்கூடிய தடயங்கள் அனைத்தும் ஒரே நாளில் அழிந்துபோகும்.

அரிசோனாவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் வாழும் பழங்குடியினரான நவஹோ மக்கள் (அவர்கள் தங்களைத் தினே என்றே சொல்லிக்கொள்கிறார்கள்; 'செவ்விந்தியர்' என்ற சொல்லை நாம் விட்டுவிடலாம்) 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மெக்சிகோக் கொல்லர்களிடமிருந்து வெள்ளிவேலையைக் கற்றார்கள். அட்சிடி சானி என்பவரை முதல் கொல்லராகச் சொல்வது வழக்கம். வெள்ளியில் டர்க்காய்ஸைப் பதிப்பது 1880-ஐ ஒட்டித்தான் தொடங்கியது. அவர்கள் அமெரிக்க டாலர்களையும் மெக்சிகோ பேசோக்களையும் உருக்கியே நகை செய்தார்கள். அந்த நாணயங்களில் வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூறு பங்குதான் என்பதால் 925 (அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி) என்ற எண்ணுக்கு அங்கே இடமே இல்லை. பின்னாளில் தகடாக வாங்கிய வெள்ளியில் செய்தபோதும் பலர் முத்திரை எதுவும் குத்தவில்லை. எனவே முத்திரை இல்லாததை வைத்து இதைப் போலி என்று சொல்ல முடியாது. அசல் என்றும் சொல்ல முடியாது.

எனக்கு நம்பிக்கை தந்தது உங்கள் இரண்டாவது படம். காப்பின் ஓரத்தில் பிறைவடிவக் குறிகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா? நான்காவது குறி ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இறங்கியிருக்கிறது; ஏழாவது, ஆறாவதின் மேல் சற்றே ஏறியிருக்கிறது. பழைய அரத்தின் நுனியைச் செதுக்கித் தாமே செய்துகொண்ட அச்சை வைத்து, ஒவ்வொரு குறியையும் தனித்தனியாகச் சுத்தியலால் அடித்தால்தான் இப்படி வரும். இயந்திரத்தில் அழுத்தியிருந்தால் எல்லாக் குறியும் ஒரே ஆழத்தில் இருந்திருக்கும். பள்ளங்களில் கறுப்பு தங்கியிருக்க, மணிக்கட்டில் உரசும் உட்புறம் மட்டும் வழவழவென்று வெளுத்திருப்பதையும் கவனியுங்கள். மருந்து தடவிக் கறுக்கவைத்த புது நகையில் கறுப்பு பெரும்பாலும் எங்கும் ஒரேபோல் இருக்கும். கடைக்காரரின் எழுபது ஆண்டுக் கணக்குக்குப் படத்தை வைத்து நான் பொறுப்பேற்க மாட்டேன். கையால் செய்தது, ஒருவர் நெடுநாள் அணிந்தது என்று துணிந்து சொல்வேன்.

பச்சை நிறத்தைப் பற்றி நீங்கள் வருந்துவதுதான் எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கிறது. டர்க்காய்ஸ் என்பது செம்பும் அலுமினியமும் நீரும் சேர்ந்த பாஸ்பேட்; நுண்துளைகள் உள்ள கல். அணிபவரின் வியர்வையும் எண்ணெயும் ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்க, நீலம் மெல்லப் பச்சையாகும். இரும்பு கலந்த கல்லாக இருந்தால் பூமியிலிருந்து எடுக்கும்போதே பச்சையாக இருப்பதும் உண்டு. இன்று சந்தையில் மாசுமருவில்லாத வானநீலமாகக் கிடைப்பவற்றில் பல, பிசின் ஏற்றப்பட்டவை அல்லது சாயம் தோய்த்த வேறு வெள்ளைக் கற்கள். உங்கள் அண்ணன் அப்படி ஒன்றை வாங்கி வந்திருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டீர்கள்!

புளி, திருநீறு, பற்பசை என்று நம் வீடுகளில் வெள்ளி துலக்கப் பயன்படும் எதுவும் இதற்கு ஆகாது. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது. பழைய நகைகளில் கல்லுக்கு அடியில் மெத்தைபோல மரத்தூள் வைத்துப் பதித்திருப்பதுண்டு. அது நனைந்து உப்பினால் கல்லை மேலே தள்ளிவிடும். பாத்திரம் துலக்கும்போதும் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் கழற்றி வைத்துவிடுங்கள்.