பேஸ் கரண்டைக் கூட்டியும் கலெக்டர் கரண்ட் ஏன் கூடுவதில்லை? மிச்சம் எங்கே போகிறது?

கேள்வி: சாச்சுரேஷனுக்குப் போன, அதாவது முழுதாகத் திறந்துவிட்ட டிரான்சிஸ்டரில் பேஸ் கரண்டை இரண்டு மடங்காக்கினாலும் கலெக்டர் கரண்ட் அப்படியே நிற்கிறது. கூடுதலாகக் கொடுத்தது எங்கே போகிறது?

நீங்கள் அநேகமாக டிப்ளமோ படிக்கிற தம்பியாக இருப்பீர்கள். பேஸ் கரண்டைப் பீட்டாவால் (டிரான்சிஸ்டர் கரண்டை எத்தனை மடங்காக்கும் என்ற எண்) பெருக்கினால் கலெக்டர் கரண்ட் என்று மனப்பாடம் செய்துவிட்டு, லேபில் மீட்டர் வேறு எண் காட்டவும் முழித்திருப்பீர்கள். மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. பேஸ், கலெக்டர் போக மூன்றாவது காலான எமிட்டர் பக்கம் இன்னொரு மீட்டரைப் போடுங்கள், காணாமல் போனது அங்கே இருக்கும்.

இதே கேள்வியில்தான் நான் வைவாவில் மார்க்கை விட்டேன். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், "பேஸ் கரண்ட் 3 மில்லி ஆம்பியர், பீட்டா 200, கலெக்டர் கரண்ட் எவ்வளவு?" என்றார். "லோடு எவ்வளவு சார்? கலெக்டரில் என்ன மாட்டியிருக்கு?" என்று கேட்டேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார். 600 என்று சொல்லியிருந்தால் வீட்டுக்கு நிம்மதியாகப் போயிருக்கலாம். 12 வோல்ட் சப்ளையில் 400 ஓம் மாட்டினால் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் எப்படிப் போகும் என்று வாயை விட்டேன். ஏதோ பாஸ் போட்டார்கள்.

அந்த 400 ஓம் சும்மா வாயில் வந்ததல்ல. அதற்கு முந்தின விடுமுறையில் கானாடுகாத்தானில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு ஆச்சி வீட்டுக்கு மாடித் தொட்டி கண்ட்ரோலர் செய்து கொடுத்திருந்தேன். தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மிதவை சுவிட்ச் மூடும், பி.சி.547 டிரான்சிஸ்டர் ஒரு ரிலேயை (காயிலில் கரண்ட் ஓடினால் மூடுகிற சுவிட்ச்) இழுக்கும், ரிலே மோட்டார் ஸ்டார்ட்டரை எழுப்பும். ரிலே காயில்தான் அந்த 400 ஓம். 30 மில்லி ஆம்பியரை 200-ஆல் வகுத்து, 0.15 போதும் என்று 68 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டரைப் பேஸில் வைத்தேன். காரைக்குடியில் என் மேசையில் செய்த முதல் போர்டு டிக்கென்று இழுத்தது. அதே மாதிரி இரண்டாவது போர்டு செய்து ஆச்சி வீட்டு வளவுச் சுவரில் மாட்டினால் சத்தமே இல்லை.

"படிச்ச புள்ளையின்னு கூப்பிட்டேன். பேசாம நானே மாடியேறிப் பாத்துக்கிறேன்ப்பா" என்றார் ஆச்சி. எழுபது வயதுக்காரர்.

கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மீட்டரை வைத்தேன். 4 வோல்ட். அதாவது ரிலேக்குக் கிடைத்தது 8 வோல்ட்தான், 12 வோல்ட் ரிலே இழுக்க 9-ஆவது வேண்டும். டிரான்சிஸ்டரைக் கழற்றி மல்டிமீட்டர் ஓட்டையில் செருகினால் பீட்டா 120. மேசைப் போர்டில் இருந்தது 310. ஒரே கடை, ஒரே பொட்டலம். பி.சி.547-க்கு 110-லிருந்து 800 வரை எதுவும் வரலாம் என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

68 கே-யை எடுத்துவிட்டு 6.8 கே வைத்தேன். பேஸில் 1.7, கலெக்டரில் 29.6, எமிட்டரில் 31.3 மில்லி ஆம்பியர். ஆசை விடாமல் 3.3 கே-யும் வைத்துப் பார்த்தேன். பேஸில் 3.4, கலெக்டரில் 29.7, எமிட்டரில் 33.1. கூட்டிப் பாருங்கள், கணக்கு நேராகும்.

ஏன் இப்படி? ஆக்டிவ் நிலையில், அதாவது பீட்டா கணக்கு செல்லும்போது, கலெக்டர் ஜங்ஷன் (கலெக்டரும் பேஸும் சேரும் இடம்) ரிவர்ஸ் பயாஸில், அதாவது கலெக்டர் பேஸைவிட உயர்ந்த வோல்டேஜில், இருக்கும். எமிட்டரிலிருந்து பேஸைக் கடந்து வரும் எலக்ட்ரான்களைக் கிட்டத்தட்ட மிச்சமில்லாமல் வாரிக்கொள்ளும். கரண்ட் கூடக் கூட லோடில் வோல்டேஜ் விழுந்து, கலெக்டர் வோல்டேஜ் பேஸுக்கும் கீழே இறங்கிவிடும். பேஸ் 0.7-ல், கலெக்டர் 0.2-ல் என்றால் அந்த ஜங்ஷனும் அரை வோல்ட் ஃபார்வர்டு பயாஸில் இருக்கிறது. இப்போது கலெக்டரும் தன் பங்குக்கு எலக்ட்ரான்களைப் பேஸுக்குள் திருப்பி அனுப்பும். வருவதில் திரும்பியது போக மிஞ்சுவதுதான் கலெக்டர் கரண்ட், அந்த மிச்சம் லோடு விடுகிற அளவோடு நின்றுவிடும். நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பேஸ் கரண்ட், பேஸிலும் ஜங்ஷனின் இரு பக்கங்களிலும் எலக்ட்ரானும் ஹோலும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) சேர்ந்து அழிவதற்கே செலவாகும்; அந்தக் கரண்ட்தான் எமிட்டர் மீட்டரில் கூடுதலாகத் தெரிகிறது.

எங்கள் பக்கத்துக் கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடையைத் திறக்கத் திறக்க வாய்க்காலில் தண்ணீர் கூடும். வாய்க்கால் குறுகல் என்றால் ஒரு கட்டத்தில் தண்ணீர் மடைவாய் வரை ஏறி நிற்கும், அதற்குமேல் பலகையைத் தூக்கிப் பயனில்லை. மடையை அடைத்த பிறகும் நின்ற தண்ணீர் வடியக் கொஞ்ச நேரம் பிடிக்கும் இல்லையா? டிரான்சிஸ்டரிலும் அப்படித்தான். பேஸில் தேங்கிய சார்ஜ் வடிகிறவரை கலெக்டர் கரண்ட் ஓடும். நூறு நானோ செகண்ட் என்ற வரிசையில் வரும் இந்தத் தாமதம் ரிலேக்கு ஒன்றுமில்லை, வேகமான சுவிட்சிங்குக்குத் தலைவலி. கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே ஷாட்கி டையோடு போடுவது அதற்காகத்தான்.

டிரான்சிஸ்டர் கரண்டுகளைக் கணக்கிட 1954-ல் வந்த எபர்ஸ்–மோல் சமன்பாடு எங்கே என்று கேட்கப்போகிறவர்களுக்கு: மேலே சொன்னது அதேதான், எக்ஸ்பொனென்ஷியல் இல்லாமல். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர்க்காரன் நான், திருத்துவதற்கு ஆள் பஞ்சமில்லை என்பதும் தெரியும். மாஸ்ஃபெட் என்ற இன்னொரு வகை டிரான்சிஸ்டரில் சாச்சுரேஷன் என்ற பெயர் வேறு நிலைக்கு வைத்திருக்கிறார்கள், அதை இங்கே கொண்டுவந்து குழப்ப வேண்டாம்.

மனசு கேட்கவில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த வால்வு ரேடியோக்களைக் காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் வாங்கிப்போய், உள்ளே இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு புளூடூத் ஸ்பீக்கர் வைக்கிறார்கள். ஓடுகிற செட்டைக்கூட. பெட்டி மட்டும்தான் வேண்டுமென்றால் ஆசாரியிடம் சொன்னால் செய்து தரமாட்டாரா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சுவிட்சாகப் பயன்படுத்தும்போது பீட்டாவை 10 அல்லது 20 என்று வைத்துப் பேஸ் ரெசிஸ்டரைக் கணக்குப் போடுங்கள், ரிலேக்குக் குறுக்கே டையோடு மறக்க வேண்டாம். வைவாவில் பீட்டாவால் பெருக்கச் சொன்னால் லோடு எவ்வளவு என்று கேளுங்கள். மார்க் போனால் என்னிடம் வராதீர்கள்.