டோபமைனை அப்புறம் பார்ப்போம், முந்திரித் தோப்பிலிருந்து ஆரம்பிக்கலாம்

கேள்வி: "டோபமைன் சந்தோஷம் தரும், செரோடோனின் நிம்மதி தரும் என்கிறார்கள். ஒரு ரசாயனம் எப்படி உணர்ச்சியாகிறது? நரம்பு வேலை செய்யும் விதத்தைப் பண்ருட்டிக்காரனுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்."

ஆகாது. எந்த ரசாயனத்துக்குள்ளும் சந்தோஷம் இல்லை. அது எங்கே வெளியாகிறது, எந்த ஏற்பியில் (செல்லின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில்) போய் உட்காருகிறது, எவ்வளவு சீக்கிரம் அகற்றப்படுகிறது என்ற மூன்றும்தான் விஷயம். மூளைக்குள் இதைப் பார்ப்பது கடினம். நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில் பார்ப்பது சுலபம். அந்த இடத்தைக் கெடுக்கும் மூன்று விஷங்களும் கடலூர் மாவட்டத்துக்குப் பழக்கமானவை: பூச்சிமருந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன்.

சரியாக நடக்கும்போது என்ன ஆகிறது? சும்மா இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கும். செய்தி வந்ததும் சோடியம் உள்ளே பாய்ந்து, சுமார் ஒரு மில்லிவினாடிக்கு அது நேர்மின்னாகப் புரளும். கை நரம்பில் இந்த அலை நொடிக்கு 50 முதல் 60 மீட்டர் ஓடும். முனைக்கு வந்ததும் மின்சாரத்துக்கு மேலே வழியில்லை. தசைக்கு முன்னால் சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி. அங்கே கால்சியம் உள்ளே நுழைய, நுண்பைகள் அசிட்டைல்கோலின் என்ற தூதுப்பொருளைக் கொட்டும். பை ஒன்றில் பல ஆயிரம் மூலக்கூறுகள். எதிர்ப்பக்க ஏற்பியில் இரண்டு மூலக்கூறு சேர்ந்து உட்கார்ந்தால்தான் கதவு திறந்து தசை சுருங்கும். உடனே அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை வெட்டிப்போடும். வெட்டிய கோலினை நரம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

முந்திரி பூக்கும்போது தேயிலைக் கொசுவுக்கு மருந்தடிப்பீர்கள். அதில் ஆர்கனோபாஸ்பேட் வகை, அந்த வெட்டும் நொதியைப் பூட்டிவிடும். கொட்டிய அசிட்டைல்கோலின் போகாமல் தேங்கும். எச்சில், கண்ணீர், வியர்வை, வாந்தி, பேதி, கடுகளவு சுருங்கிய கண்மணி, துடிக்கும் தசை, கடைசியில் நுரையீரல் முழுக்க நீர். இதற்குத் தரும் அட்ரோபின் என்ற மருந்து, சுரப்பிகள், இதயம் போன்ற இடங்களில் உள்ள ஏற்பிகளை மறைக்கும். பெரியவர்களுக்கு 1.8 முதல் 3 மி.கி.யில் தொடங்கி, நெஞ்சுச் சத்தம் தெளியும்வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குவார்கள். கண்மணி விரிவதை வைத்து முடிவெடுத்தால் ஏமாறலாம், நெஞ்சைத்தான் கேட்க வேண்டும். தசையில் உள்ள ஏற்பி வேறு வகை என்பதால் அதை அட்ரோபின் தொடாது. தேறியவர் போலத் தெரிந்தவருக்கு 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தும் மூச்சுத்தசையும் தளர்வது உண்டு. முதல் நாளே வீட்டுக்கு அழைத்துப் போகத் துடிக்கும் சொந்தக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நொதியின் பூட்டு நேரம் ஆக ஆக இறுகிவிடும். டைமீத்தோயேட் போன்ற பூச்சிமருந்துகளில் சுமார் 4 மணி நேரத்திலேயே பாதி இறுகும். குளோர்பைரிபாஸில் ஒரு நாளுக்கும் மேல் ஆகும். இறுகிய பூட்டைக் கழற்ற பிரலிடாக்சிம் என்ற மருந்தாலும் முடியாது. அதனால் மருந்து டப்பாவையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். உடம்பில் பட்டிருந்தால் துணியைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

நல்ல பாம்பின் விஷம் செய்வது இதற்கு நேர் எதிர். அசிட்டைல்கோலின் வருகிறது, ஆனால் ஏற்பியில் விஷம் உட்கார்ந்திருக்கிறது. இமை தொங்கும், பிறகு பேச்சு குழறும், மூச்சு தளரும். விஷமுறிவு மருந்தோடு, அட்ரோபினை முதலில் கொடுத்துவிட்டு நியோஸ்டிக்மைன் போடுவார்கள். அது என்ன செய்கிறது தெரியுமா? பூச்சிமருந்து பூட்டிய அதே நொதியைச் சிறிது நேரம் தடுக்கிறது! தூதுப்பொருள் தேங்கி, விஷத்தோடு போட்டிபோட்டு ஏற்பியைப் பிடிக்கும். தோப்பில் ஆளைச் சாய்த்த அதே வேலை இங்கே மருந்தாகிறது.

கட்டுவிரியனுக்கு அந்த ஊசி பெரிதாகப் பலிக்காது. அதன் முக்கிய விஷம் நரம்பு முனையையே அழிப்பதால் கொட்டவே ஒன்றும் இருக்காது. தரையில் படுத்தவரை ராத்திரியில் கடிக்கும், தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு தொங்கும் இமை. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் 108-க்குச் சொல்லுங்கள். முனை மீண்டும் வளர நாட்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும், அதுவரை வென்டிலேட்டர். விஷம் மூளைக்குள் போவதில்லை. கண்மணி விரிந்து அசையாமல் கிடப்பவருக்கு நினைவு இருக்கலாம், பக்கத்தில் பேசுவது காதில் விழலாம்.

தசையைச் சுருக்கும் அதே அசிட்டைல்கோலின் இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. 1921-இல் ஓட்டோ லேவி என்ற விஞ்ஞானி, ஒரு தவளை இதயத்துக்கு வரும் வேகஸ் என்ற நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் ஊற்றினார். அதுவும் மெதுவானது. பொருள் ஒன்று, ஏற்பி வேறு, விளைவு வேறு.

இனி உங்கள் டோபமைன், செரோடோனின். இவற்றை இடைவெளியிலிருந்து அகற்றும் முக்கிய வழி வெட்டுவது அல்ல, திரும்ப உறிஞ்சுவது. மனச்சோர்வுக்குத் தரும் பல மாத்திரைகள் செரோடோனின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. தடுப்பு முதல் சில நாட்களிலேயே நடந்துவிடும். மனநிலை தேற 2 முதல் 4 வாரம் ஆகும். செரோடோனின் கூடுவது மட்டும் போதாது, ஏற்பிகளும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். பத்தாம் நாள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.