ரன்வே வரைக்கும் வந்து ஸ்டக் ஆகுதா? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல போர் விமான சிமுலேட்டர் பத்திதான். அதனால வைஃபை, பிரிண்டர் ஆளுங்க எல்லாம் ஒரு இதழ் பொறுத்துக்கோங்க, நேரா விமானத்துக்குப் போயிடலாம்.

கோவை வாசகர்: சார், என்கிட்ட ரைசன் 5 2600, பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 16 ஜிபி ரேம் இருக்கு. டிசிஎஸ் வேர்ல்டு சிமுலேட்டர்ல தனியா பறந்தா 60 எஃப்பிஎஸ்க்கு (நொடிக்கு எத்தனை படம்ங்கிற கணக்கு) மேல வருது. டேங்க், மிசைல் பேட்டரி, எதிரி விமானம்னு பெரிய மிஷன் போட்டா 20க்கு இறங்கிடுது. கடைக்காரர் ஆர்டிஎக்ஸ் 4070 போடச் சொல்றார், போடலாமா?

வேண்டாம், இப்போதைக்கு கார்டுல கை வைக்காதீங்க. பதில் உங்க கேள்வியிலயே இருக்கு. தனியா பறக்குறப்போ அதே மலை, அதே மேகம், அதே காக்பிட் எல்லாத்தையும் அந்த 1660 ஒழுங்காதானே வரைஞ்சு குடுக்குது? பெரிய மிஷன்ல புதுசா வந்தது எதிரிங்க மட்டும்தான். எந்த டேங்க் எந்தப் பக்கம் போகணும், எந்த ரேடார்ல நீங்க தெரியுறீங்க, ஏவின மிசைல் எப்படி வளையணும்னு ஒவ்வொரு நொடியும் கணக்குப் போடுறது ப்ராசசர் வேலை, அதுல கார்டு ஒண்ணும் பண்ண முடியாது.

"டாஸ்க் மேனேஜர்ல பாத்தேன், சிபியு 30 பர்சென்ட்தான் காட்டுது, அது சும்மாதானே இருக்கு"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க. அந்த நம்பரை நம்பாதீங்க. உங்க 2600ல 6 கோர், 12 த்ரெட், அதாவது ஒரே நேரத்துல 12 வேலை வரிசை. அதுல ஒரே ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்குல அது 8 பர்சென்ட் சுமார்தான். டிசிஎஸ் ரொம்ப வருஷமா ஒத்தை த்ரெட்டை நம்பியே ஓடிச்சு, 2023 மார்ச்சுலதான் மல்டி த்ரெடிங் சோதனையா வந்துச்சு, அதுக்கப்புறமும் வரையுற வேலை தனியா பிரிஞ்சு போச்சே தவிர சிமுலேஷன் கணக்கோட பெரும்பாரம் ஒரு த்ரெட்டு தலையிலதான் இருக்கு.

சந்தேகம் இருந்தா காசு செலவில்லாம ஒரு டெஸ்ட் பண்ணிடலாம். எஃப்பிஎஸ் 20க்கு இறங்குற அதே மிஷனை எடுத்துக்கோங்க, ரெசல்யூஷனை மட்டும் 1280க்கு 720ன்னு குறைச்சு ஓட்டுங்க. எஃப்பிஎஸ் எகிறினா கார்டுதான் திணறுது. அப்பவும் அதே 20லயே நின்னா ப்ராசசர் பக்கம்தான் பிரச்சினை. வலது கன்ட்ரோலோட பாஸ் (Pause) கீயை அழுத்தினா டிசிஎஸ்ஸே எஃப்பிஎஸ் காட்டும், இன்னொரு தடவை அழுத்தினா சிபியு தடுக்குதா ஜிபியு தடுக்குதான்னு எழுதியே காட்டிடும்.

அப்புறம் ரேம். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் போய் ஸ்பீடு என்னன்னு பாருங்க. பெட்டியில 3200ன்னு போட்டிருக்கும், அங்க 2133 இல்ல 2400ன்னு காட்டும். பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்) ஆன் பண்ணலைன்னா ரேம் இப்படித்தான் ஓடும், அசெம்பிள் பண்ணிக் குடுக்குறவங்க பாதிப் பேர் இதைத் தொடுறதே இல்ல. உங்க 2600 முழு 3200க்கு முரண்டு பிடிச்சா 2933ல விடுங்க, போதும். 16 ஜிபி ஒரே குச்சியா இருந்தா அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி, ப்ராசசர் பக்கத்துலேர்ந்து எண்ணினா ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டுல போடுங்க. ரெண்டு குச்சியும் சேர்ந்து ஓடுற டூயல் சேனலும் வந்துடும், 32 ஜிபியும் ஆயிடும். பெரிய மிஷனுக்கு 32 வேணும்.

இவ்வளவும் பண்ணி இன்னும் பத்தலைன்னா ப்ராசசரை மாத்துங்க. உங்க போர்டுல ப்ராசசர் உக்கார்ற சாக்கெட் ஏஎம்4 தானே, அதனால அதே போர்டுல 5700எக்ஸ்3டி இல்ல 5800எக்ஸ்3டி உக்காரும். 2022ல வந்த 5800எக்ஸ்3டியை ஃப்ளைட் சிம் ஆளுங்க தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடினதுக்குக் காரணம் அதோட எல்3 கேஷ், அதாவது ப்ராசசருக்குள்ளயே இருக்குற மெமரி, 96 எம்பி. உங்க 2600ல 16 எம்பி. நூறு யூனிட்டோட கணக்கை ரேம் வரைக்கும் போய்ப் போய் எடுத்துட்டு வராம பக்கத்துலயே வெச்சுப் பாக்க முடியுது, அதான் விஷயம். ரெண்டும் கிடைக்கலைன்னா சாதா 5600 கூட உங்களுக்கு நல்ல தாவல்தான். ஆனா ஒண்ணு, பழைய ப்ராசசர் போர்டுல இருக்கும்போதே பயாஸை அப்டேட் பண்ணிடணும், புதுசை மாட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னா ஸ்க்ரீனே வராது. யுபிஎஸ்ல போட்டுப் பண்ணுங்க, நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு செத்துடும். எக்ஸ்3டியோட கூலர் வராது, 2600ஓட வந்த குட்டி ஃபேன் அதுக்குப் பத்தாது, நல்ல டவர் கூலருக்கும் பட்ஜெட்ல இடம் விடுங்க.

4070 தப்பான கார்டு இல்ல. 2600 மேல அதை வெச்சா மிஷன்ல அதே 20தான் வரும், என்ன, ரொம்ப அழகான 20.

ஒரு சின்ன விஷயம், காக்பிட் கண்ணாடிகளை ஆஃப் பண்ணிப் பாருங்க. அதுல தெரியுற பின்பக்கத்தை வரைய மொத்தக் காட்சியையும் இன்னொரு தடவை போட வேண்டியிருக்கு. நிறைய விமானத்துல எம் கீதான். டாக்ஃபைட் நேரத்துல யார் சார் கண்ணாடி பாக்குறா.

மதுரை வாசகர்: ஐ5 12400எஃப், செகண்ட் ஹேண்ட் ஆர்டிஎக்ஸ் 3060 போட்டேன். பிரவுசிங், எடிட்டிங் எல்லாம் ஓகே. சிமுலேட்டர் போட்டு டேக் ஆஃப் ஆன அஞ்சு பத்து நிமிஷத்துல சிஸ்டம் டப்புனு ரீஸ்டார்ட் ஆகுது. விண்டோஸ் மூணு தடவை போட்டாச்சு. கார்டு ஏமாத்திட்டாங்களா?

விண்டோஸை விட்டுடுங்க பாவம். கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப்புக்கு வந்தா டிரைவர், மெமரி, கேம் ஃபைல்னு தேடலாம், முன்னறிவிப்பே இல்லாம மொத்த சிஸ்டமும் அணைஞ்சு வந்தா முதல் சந்தேகம் கரண்ட் மேலதான். ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு ஒரு வரி இருக்கும், அதைப் பாத்துப் பயப்படாதீங்க, "ஒழுங்கா ஷட் டவுன் ஆகாம கரண்ட் போச்சு"ங்கிறதைத் தவிர அதுல வேற தகவல் இல்ல.

நீங்க எழுதாத ரெண்டு விஷயத்தைச் சொல்லுங்க: எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள்ள இருக்குற பவர் சப்ளை) என்ன, யுபிஎஸ் என்ன? வீட்டுல வழக்கமா இருக்குற 600 விஏ யுபிஎஸ் குடுக்குறது 360 வாட் சுமார்தான். 3060 மட்டுமே 170 வாட் கார்டு, அதுவும் சராசரி, கண் சிமிட்டுற நேரத்துக்கு அதைத் தாண்டி எகிறும். அதோட ப்ராசசர், மானிட்டர், சில வீட்டுல ஸ்பீக்கரும் அதே யுபிஎஸ்ல. பிரவுசிங்ல இதெல்லாம் தெரியாது, டேக் ஆஃப் ஆகி முழு லோடு வந்ததும்தான் வெளியில வரும். ஒரு நாள் யுபிஎஸ்ஸை விட்டுட்டு நேரா சுவத்து பிளக்ல போட்டுப் பறந்து பாருங்க. ரீஸ்டார்ட் நின்னுட்டா குற்றவாளி யுபிஎஸ்தான், 1000 விஏக்கு மாத்திக்கோங்க.

அப்பவும் ரீஸ்டார்ட் ஆனா எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோட இலவசமா வந்த "450 வாட்" ஸ்டிக்கரை நம்பாதீங்க, 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) சான்று போட்ட நல்ல 550 இல்ல 650 வாங்குங்க. பழைய எஸ்எம்பிஎஸ்ல 8 பின் இல்லைன்னு ஹார்ட் டிஸ்க் ஒயரிலேர்ந்து கன்வெர்ட்டர் போட்டு கார்டுக்குக் கரண்ட் குடுத்திருந்தா இன்னைக்கே கழட்டிடுங்க, அந்தக் கனெக்டர் சூடாகி உருகும். இதெல்லாம் சரியா இருந்து, ஹெச்டபிள்யு இன்ஃபோ சாஃப்ட்வேர்ல டெம்பரேச்சரும் ஒழுங்கா இருந்து, அப்பவும் ரீஸ்டார்ட் ஆனா மட்டும் கார்டு வித்தவர்கிட்ட போய் நில்லுங்க.

திருநெல்வேலி வாசகர்: டிசிஎஸ்ல ஃப்ரீயா வர்ற டிஎஃப்-51டி எடுத்து த்ராட்டில் குடுத்தா ரன்வேயை விட்டு இடது பக்கம் புல்லுக்குள்ள ஓடிடுது. சு-25டி எடுத்தா நேரா போகுது, ஆனா மேல ஏறினதும் மூக்கு தானா ஆடுது. ஜாய்ஸ்டிக் போச்சா?

இதுல ரெண்டு வேற வேற கதை இருக்கு.

டிஎஃப்-51டிங்கிறது மஸ்டாங் விமானம், அது இடது பக்கம் இழுக்குறது ரிப்பேர் இல்ல, விமானமே அப்படித்தான். ப்ரொப்பெல்லர் காக்பிட்லேர்ந்து பாத்தா கடிகாரச் சுத்துல சுத்துது, அது பின்னாடி தள்ளுற காத்து உடம்பைச் சுத்திட்டு வந்து வால் மேல இடது பக்கமா அடிக்கும், இஞ்சினோட திருப்பமும் சேர்ந்துக்கும். ரட்டர் (மூக்கை இடது வலது திருப்புற வால் பலகை) ட்ரிம்மை வலது பக்கம் 6 டிகிரி வைங்க, த்ராட்டிலை மெதுவா ஏத்துங்க, வலது ரட்டரை முன்கூட்டியே குடுங்க. இன்னொண்ணு ரொம்ப பேருக்குத் தெரியாது: ஸ்டிக்கைப் பின்னாடி இழுத்து வெச்சிருந்தாதான் மஸ்டாங்கோட வால் சக்கரம் லாக் ஆகும், முன்னாடி தள்ளினா லாக் விட்டுடும். ஆரம்பத்துலயே ஸ்டிக்கை முன்னாடி தள்ளினா புல்லுதான். நல்லா வேகம் பிடிக்கிற வரைக்கும் இழுத்தே வைங்க.

மூக்கு ஆடுறதுதான் கருவி சம்பந்தப்பட்டது. டிசிஎஸ்க்கு ஒரு கெட்ட பழக்கம், புதுசா எந்தக் கருவி மாட்டினாலும் அதுக்குத் தானாவே பிட்ச் (மூக்கு மேல கீழ), ரோல் (பக்கவாட்டுல சாயுறது), த்ராட்டில்னு ஆக்சிஸ் ஒதுக்கிடும். ஸ்டிக் ஒண்ணு, த்ராட்டில் ஒண்ணு, பையன் விளையாடுற கேம்பேட் ஒண்ணு மாட்டியிருந்தா மூணும் சேர்ந்து விமானத்தை இழுக்கும். கன்ட்ரோல்ஸ்ல போய் ஆக்சிஸ் கமாண்ட்ஸ்னு தேர்ந்தெடுங்க, ஒரு கருவிக்கு ஒரு காலம் (column) இருக்கும். பிட்ச் வரிசையில ஜாய்ஸ்டிக் காலத்தைத் தவிர மத்ததெல்லாம் காலியா இருக்கணும், ரோல், ரட்டர், த்ராட்டிலும் அதே மாதிரிதான். இது ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி, ஒண்ணுல பண்ணிட்டு எல்லாத்துலயும் ஆயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. எனக்கு வர்ற "ஜாய்ஸ்டிக் போச்சு" கேள்வியில முக்காவாசி இதுலயே முடிஞ்சிடுது.

முடியலைன்னா விண்டோஸ் கீயும் ஆரும் அழுத்தி ஜாய் டாட் சிபிஎல் அடிச்சு, ப்ராப்பர்ட்டீஸ்ல கையை எடுத்துட்டுப் பாருங்க. நடுவுல இருக்குற கூட்டல் குறி அசையாம நிக்கணும். அது துள்ளினா உள்ள பொட்டென்ஷியோமீட்டர்ல தூசி. ஸ்டிக்கை முறுக்கி ரட்டர் குடுக்குற மாடல்ல அந்த முறுக்குற இடம்தான் முதல்ல போகும். எலக்ட்ரானிக்ஸ் கடையில கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும், அடிச்சு பல தடவை முழுசா திருப்பி விடுங்க. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் விட்டு என்னை வேதனைப்படுத்தாதீங்க. ஹால் சென்சார் வெச்ச ஸ்டிக்ல உரசுறதுக்கு எதுவும் இல்ல, காந்தம்தான், அடுத்த தடவை வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்க.

சேலம் வாசகர்: சண்டை நடக்கும்போது ஜாய்ஸ்டிக் திடீர்னு வேலை செய்யாம போகுது, பிடுங்கி மாட்டினா சரியாகுது.

டிவைஸ் மேனேஜர்ல யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொண்ணுலயும் பவர் மேனேஜ்மென்ட் போய், பவரை மிச்சம் பண்ண கருவியை ஆஃப் பண்ணலாம்ங்கிற டிக்கை எடுங்க. பவர் பிளான்லயும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை டிசேபிள் பண்ணுங்க. கேபினெட் முன்பக்க போர்ட்டையும், கரண்ட் இல்லாத மலிவு ஹப்பையும் விட்டுட்டு போர்டுல பின்னாடி நேரா மாட்டுங்க.

சென்னை வாசகி: அப்டேட் போட்டதுலேர்ந்து டிசிஎஸ் விக்கி விக்கி ஓடுது. முன்னாடி நல்லாதான் இருந்துச்சு.

சேவ்ட் கேம்ஸ் ஃபோல்டருக்குள்ள டிசிஎஸ்னு இருக்கும், அதுக்குள்ள எஃப்எக்ஸ்ஓ, மெட்டாஷேடர்ஸ்2ன்னு ரெண்டு ஃபோல்டர். ரெண்டையும் அழிச்சிடுங்க, பழைய ஷேடர்தான் (கார்டுக்காக கேம் தயார் பண்ணி வெச்ச வரையுற குறிப்பு), கேம் திரும்பவும் தானா உருவாக்கிக்கும். முதல் மிஷன் லோடாக நேரமாகும், அதைப் பாத்து இன்னும் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. பக்கத்துல இருக்குற கான்ஃபிக் ஃபோல்டருக்குள்ள இருக்குற இன்புட் ஃபோல்டரைத் தொட்டுடாதீங்க, உங்க கீ செட்டிங் பூரா அதுல இருக்கு. கேம் இன்னும் ஹார்ட் டிஸ்க்ல இருந்தா எஸ்எஸ்டிக்கு மாத்துங்க, இதுக்கு மட்டும் நான் டெஸ்ட் எல்லாம் பண்ணிப் பாக்கச் சொல்ல மாட்டேன்.

திருச்சி வாசகர்: தலையைத் திருப்பினா காக்பிட்ல பார்வை திரும்பணும். அதுக்குன்னு இருக்குற ட்ராக்ஐஆர் கருவியோட விலை கட்டுப்படியாகலை. வழி இருக்கா?

இருக்கு, ஓப்பன்ட்ராக். இலவசம். உள்ளயே நியூரல்நெட்னு ஒரு ட்ராக்கர் இருக்கு, சாதா வெப்கேம்ல உங்க மூஞ்சியை வெச்சே கண்டுபிடிச்சுக்கும். முகத்து மேல வெளிச்சம் நல்லா விழணும், இருட்டு ரூம்ல வெப்கேம் தானா ஃப்ரேமைக் குறைச்சிடும், பார்வை இழுத்துக்கிட்டே வரும். கொஞ்சம் ப்ராசசரையும் தின்னும், ஏற்கனவே திணறுற சிஸ்டம்னா யோசிங்க. அதுக்கு மாத்து, தொப்பியிலயோ ஹெட்போன்லயோ மூணு இன்ஃப்ராரெட் எல்இடி வைக்கிறது, அதுல கணக்கு லேசு, ஆனா முதுகுக்குப் பின்னாடி வெயில் வர்ற ஜன்னல் இருந்தா கேமரா குழம்பிடும், திரையை மூடிட்டு உக்காருங்க. ஓப்பன்ட்ராக் கர்வ்ல (தலை எவ்வளவு திரும்பினா பார்வை எவ்வளவு திரும்பணும்ங்கிற கோடு) நடுப்பகுதியை மந்தமா வைங்க, இல்லைன்னா தும்மினா கூட காக்பிட் சுத்தும்.

தஞ்சாவூர் வாசகர்: ஜிடிஎக்ஸ் 1650 லேப்டாப், 8 ஜிபி ரேம். விஆர் ஹெட்செட் வாங்கி மிக்-21 ஓட்ட ஆசை.

மிக்-21 ஆசை நியாயமானது, நம்ம விமானப்படையிலேர்ந்து 2025 செப்டம்பர்லதான் அது ஓய்வு பெற்றுச்சு, டிசிஎஸ்ல அதோட பிஸ் மாடல் காசுக்குக் கிடைக்குது. விஆர் வேண்டாம். ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா வரையணும், 4 ஜிபி வீடியோ மெமரியில அது ஆகாத காரியம், தலை சுத்தி வாந்திதான் மிச்சம். ஹெட்செட் காசுல லேப்டாப் ரேமை 16 இல்ல முடிஞ்சா 32 ஆக்குங்க, மிச்சத்துல ஒரு ஜாய்ஸ்டிக். விண்டோஸ் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல டிசிஎஸ்க்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் குடுத்திருக்கான்னும் பாருங்க, இல்லைன்னா 1650ஐ விட்டுட்டு ப்ராசசரோட ஒட்டி வர்ற கிராஃபிக்ஸ்லயே ஓடிட்டு இருக்கும்.

காரைக்குடி வாசகர்: அண்ணே, என்கிட்ட இருக்குறது ரெண்டாவது தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், தனி கார்டு கிடையாது. எனக்கு ஒண்ணுமே இல்லையா?

ஏன் இல்ல? ஐஎல்-2 ஸ்டர்மோவிக் 1946 போடுங்க. 2001ல வந்த கேம், எல்லாத்தையும் சேர்த்து 2006ல 1946னு விட்டாங்க, உங்க சிஸ்டம்ல தாராளமா ஓடும். ஆஃபர்ல வந்தா ரொம்பக் கம்மி விலை. செட்டப்ல ஓப்பன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ் ரெண்டையும் மாத்திப் போட்டுப் பாருங்க, எது ஸ்மூத்தா ஓடுதோ அதை வெச்சுக்கோங்க.