அக்கா கிட்ட கேளுங்க: வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு

போன இதழ்ல மசக்கை பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி, ஏற்கனவே வீட்ல சின்ன புள்ளைங்கள வச்சிட்டு இருக்கறவங்க கிட்ட இருந்து தான். மொத கர்ப்பத்துல முடியலன்னா போய் படுத்துக்கலாம், ரெண்டாவது மூணாவதுல அது நடக்காது, படுத்த உடனே ஒண்ணு வந்து மேல ஏறி உக்காந்துக்கும். அதனால இந்த இதழ் முழுக்க அவங்களுக்கு தான்.

கேள்வி: அக்கா, என் பெரிய பொண்ணு யூகேஜி படிக்கறா, சின்னவனுக்கு ஒன்றரை வயசு, இன்னும் தாய்ப்பால் குடிக்கறான், இப்ப எனக்கு அஞ்சாவது மாசம். நாங்க ப்ளான் பண்ணல, ஆனா வேணாம்னு ரெண்டு பேருக்குமே மனசு வரல. சொந்தக்காரங்க எல்லாம் இந்த காலத்துல மூணான்னு மூஞ்சிக்கு நேராவே சிரிக்கறாங்க. எங்க அத்தை, சின்னவனுக்கு சவலை பாஞ்சிடும் உடனே பால நிறுத்து, வேப்பெண்ணெய் தடவுன்னு சொல்றாங்க. அவனோ பால் இல்லாம ராத்திரி தூங்கவே மாட்டான். என்ன பண்றதுன்னே தெரியல. (பேர் வேணாம், திண்டுக்கல்)

பதில்: தங்கச்சி, சிரிக்கறவங்கள மொதல்ல விடுங்க. நீங்களும் வீட்டுக்காரரும் பேசி வேணும்னு முடிவு பண்ணியாச்சு, அதுக்கு மேல யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. எனக்கு கவலை என்னன்னா இந்த பேச்சுக்கெல்லாம் கூச்சப்பட்டு நீங்க செக்கப்ப தள்ளி போட்ருவீங்களோன்னு தான். நான் பிரசவ வார்டுல நர்ஸா இருந்த காலத்துல, மூணாவதுன்னா திட்டுவாங்கன்னு பயந்துட்டு ஏழு மாசம் வரைக்கும் ஆஸ்பத்திரி பக்கமே வராத பொண்ணுங்கள நெறைய பாத்திருக்கேன், வரும்போது கண்ணு உள்பக்கம் வெள்ளையா இருக்கும், ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்கும். ஒரு பிரசவத்துக்கு அப்புறம் அடுத்தது தரிக்க குறைஞ்சது 24 மாசம் இடைவெளி விடுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உடம்புல கொறஞ்ச இரும்புச்சத்து எல்லாம் திரும்ப சேர டைம் வேணும்ல. உங்களுக்கு அந்த டைம் கெடைக்கல, பால் வேற குடுத்துட்டு இருக்கீங்க. அதனால ஹீமோகுளோபின் பாத்தே ஆகணும், 11க்கு கீழ இருந்தா ரத்தசோகை தான், மாத்திரை பத்தலன்னா ஊசியா ஏத்துவாங்க, இப்பவே போனா சரி பண்ண நேரம் இருக்கு. பிரஷர், சுகர் டெஸ்ட்டும் அப்படியே முடிச்சிருங்க. பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்த அரசு கணக்குல பதியறப்ப குடுக்கற நம்பர், மூணாவதுக்கும் போடணும், குழந்தையோட பர்த் சர்டிபிகேட்டுக்கு அந்த நம்பர் கேப்பாங்க, உங்க ஏரியா நர்ஸம்மாவ பாத்து பதிஞ்சிருங்க.

இப்ப சவலைக்கு வரேன். உங்க அத்தை சும்மா பயமுறுத்தல, அவங்க கண்ணால பாத்தத தான் சொல்றாங்க. அடுத்தது உண்டானதும் மேல் குழந்தை கை கால் வத்தி, வயிறு மட்டும் முன்னால தள்ளி, எந்நேரமும் நசநசன்னு அழுதுட்டே இருக்கும். ஆனா பால் கெட்டு போயி அப்படி ஆகறதில்ல. திடீர்னு பால நிறுத்திடறாங்க, அதுக்கு பதிலா பருப்பு முட்டைன்னு எதுவும் உள்ள போறதில்ல, கஞ்சித்தண்ணியும் டீல நனைச்ச பிஸ்கட்டும் தான் போகுது, அம்மாவும் முடியாம படுத்துக்கறா, புள்ள இளைக்காம என்ன பண்ணும். அதனால பால நிறுத்தறதுக்கு முன்னாடி அவன் தட்டுல என்ன இருக்குன்னு பாருங்க. தினம் ஒரு முட்டை, கொழைய பிசைஞ்ச பருப்பு சோறுல நெய், கேப்பங்கூழ், வாழப்பழம், வறுத்து பொடிச்ச நெலக்கடலை, இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வேளையா போகணும். அங்கன்வாடில குடுக்கற சத்துமாவு அவனுக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு, ரெண்டையும் கேட்டு வாங்குங்க, வெக்கப்பட வேண்டியதே இல்ல.

கர்ப்பமா இருக்கும்போது பால் குடுக்கறதால வயித்து குழந்தைக்கு பொதுவா ஒண்ணும் ஆகாது. முன்னாடி குறைப்பிரசவம் ஆனவங்க, இப்ப ரத்தம் படறவங்க, அடிவயிறு இழுத்து புடிக்கறவங்க, ரெட்டை குழந்தைன்னு சொன்னவங்க மட்டும் டாக்டர கேட்டுட்டு செய்யணும். உங்களுக்கு அஞ்சாவது மாசம்ங்கறதால பால் தானாவே குறைஞ்சு சீம்பாலா மாற ஆரம்பிக்கும், ருசி மாறும், நெறைய புள்ளைங்க அதுலயே பாதி விட்ருங்க. வேப்பெண்ணெய் தடவறது, பத்து நாள் ஆயா வீட்ல கொண்டு போய் விடறது, இதெல்லாம் எனக்கு புடிக்காது. அவனுக்கு பால் மட்டும் போகல, அம்மாவும் ஒரே நாள்ல மாறிட்டாங்கன்னு ஆயிடுது. பகல்ல குடிக்கறத ஒவ்வொண்ணா கொறைங்க, ராத்திரி தூங்கறப்ப குடிக்கறது கடைசியா போகட்டும். அந்த கடைசி கட்டத்துல உங்க வீட்டுக்காரர் தான் பக்கத்துல படுக்கணும், நீங்க அடுத்த ரூம்ல. கொஞ்ச நாள் கத்துவான், அப்பா தோள்ல போட்டு நடந்தா அழுதுட்டே தூங்கிடுவான், அப்புறம் அழாம தூங்குவான். குழந்தை பொறந்தப்புறமும் அவன் திரும்ப பால் கேட்டா பதறாதீங்க, சின்னதுக்கு மொதல்ல குடுத்துட்டு அவனுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.

இன்னொண்ணு, நீங்க எழுதினதுல பெரியவள பத்தி ஒரு வரி தான் இருக்கு. மூணாவது வர்ற வீட்ல மூத்த பொண்ணு நெலம எனக்கு எப்பவுமே மனசுக்கு கஷ்டமா இருக்கும். நீ பெரியவ தானே விட்டுக்குடு, தம்பிய பாத்துக்கோ, அந்த டவல எடுத்துட்டு வான்னு நாள் பூரா அவள கூப்புடுவாங்க, அவளுக்கு அஞ்சு வயசு தான் ஆகுது. ஸ்கூல்ல இருந்து வந்ததும் ஒரு கால்மணி நேரம் அவ தலைய வாரி விட்டுட்டு, இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அவ மட்டும் பேச விடுங்க, அந்த நேரத்துல சின்னவன வேற யாராவது தூக்கி வச்சிக்கட்டும்.

கேள்வி: வணக்கம் அக்கா. நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனில ஷிப்ட் வேலை பாக்கறேன். மனைவிக்கு எட்டாவது மாசம், பொண்ணுக்கு ரெண்டரை வயசு. ரெண்டு பேரோட அம்மா அப்பாவும் ஊர்ல. என்னால என்ன உதவி பண்ண முடியும்? அவ கேட்டா ஒண்ணும் வேணாம்னு தான் சொல்றா. (ஒரு கணவர், சுங்குவார்சத்திரம்)

பதில்: தம்பி, கேக்கணும்னு தோணுச்சே, ரொம்ப சந்தோஷம். உதவிங்கற வார்த்தைய மட்டும் விட்ருங்க, அது உங்க புள்ள உங்க வீடு. ஒண்ணும் வேணாம்னு அவங்க சொல்றது, என்ன வேணும்னு யோசிச்சு உங்களுக்கு சொல்லி குடுக்கறதே அவங்களுக்கு இன்னொரு வேலையா இருக்கறதால தான். அதனால கேக்காம சில வேலைய மொத்தமா எடுத்துக்கோங்க. பொண்ண குளிப்பாட்டறது, எட்டாவது மாசத்துல குனிஞ்சு பக்கெட் தண்ணி மோந்து ஊத்தறது எவ்ளோ கஷ்டம்னு நிக்கறவங்களுக்கு தான் தெரியும். ராத்திரி சாப்பாடு ஊட்டறது, தூங்க வக்கறது. நைட் ஷிப்ட் வாரத்துல காலையில வந்ததும் ரெண்டு மணி நேரம் பொண்ண நீங்க வச்சிக்கிட்டு மனைவிய தூங்க விட்டுட்டு அப்புறம் நீங்க படுங்க. பொண்ணு இப்பவே உங்க கையால தூங்க பழகிட்டா, பிரசவத்தப்ப ஆஸ்பத்திரில அம்மா இருக்கற நாள்ல அவ தவிக்க மாட்டா.

இத விட அவசரம் ஒண்ணு இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா பொண்ண யார் கிட்ட விடுவீங்க? நீங்க நைட் ஷிப்ட்ல இருந்தா யாருக்கு போன் போகும்? ரெண்டாவது பிரசவம் மொதல விட சீக்கிரம் ஆகறது தான் வழக்கம், போன தடவ ஒரு நாள் பூரா வலி இருந்துச்சுன்னு நெனச்சுட்டு வீட்லயே உக்காந்திருக்க கூடாது. அரசு ஆஸ்பத்திரில பொதுவா கூட ஒரு பொம்பள ஆள தான் உள்ள விடுவாங்க, அதனால ஒருத்தர் மனைவி கூட, ஒருத்தர் பொண்ணு கூடன்னு இப்பவே பேசி வைங்க. உங்க அம்மாவோ மாமியாரோ ஒன்பதாவது மாசம் பொறந்ததுமே வந்துட்டா நல்லது, முடியலன்னா கீழ் வீட்டு அக்கா கிட்ட வாய விட்டு கேளுங்க, பொண்ண ரெண்டு மூணு தடவ அவங்க வீட்ல விளையாட விட்டு பழக்குங்க. 108 நம்பர் மனைவி போன்ல மொதல்ல இருக்கட்டும். வலி வரட்டும்னு காத்திருக்காம உடனே கெளம்ப வேண்டிய சில விஷயம் இருக்கு: தண்ணி ஒடைஞ்சா, ரத்தம் பட்டா, தலைவலி விடாம இருந்து கண்ணு மங்கினா, மூஞ்சி வீங்கினா, குழந்தை அசைவு எப்பவும் இருக்கறத விட கொறைஞ்சா.

கேள்வி: அம்மா, என் மருமகளுக்கு ரெண்டாவது பிரசவம். தலைப்பிரசவம் அவங்க அம்மா வீட்ல ஆச்சு, இது எங்க வீட்ல தான். பேரனுக்கு மூணரை வயசு. இத்தன நாளா ஒழுங்கா இருந்தவன் இப்ப படுக்கைய நனைக்கறான், அவங்க அம்மாவ தவிர யார் கிட்டயும் வர மாட்டேங்கறான். உள்ள தம்பியா பாப்பாவான்னு கேட்டா ஒண்ணும் வேணாம்னு கத்தறான். பிரசவ நேரத்துல இவன எப்படி சமாளிக்க போறேனோ. (ஒரு பாட்டி, கும்பகோணம்)

பதில்: அம்மா, மருமகளுக்காக இவ்ளோ யோசிக்கறீங்க, அவங்க குடுத்து வச்சவங்க. அந்த கேள்விய மட்டும் அவன் கிட்ட கேக்காம விட்ருங்களேன். குழந்தை வாக்கு பலிக்கும்னு நம்ம ஊர்ல எல்லாரும் கேக்கறது தான். அவன் தம்பின்னு சொன்னா எல்லாரும் கைதட்டி சிரிப்பாங்க, பாப்பான்னு சொன்னா மூஞ்சி சுருங்கும், மூணரை வயசு புள்ளைக்கு அது நல்லாவே தெரியும். உள்ள இருக்கறது என்னன்னு அவன் வாயில இல்ல, எதுவா இருந்தாலும் நம்ம புள்ள தான். 1994ல ஸ்கேன்ல பாத்து சொல்லக்கூடாதுன்னு சட்டமே போட்டது ஏன்னு உங்களுக்கு தெரியாததில்ல, உங்க மருமக மனசுலயும் அந்த பயம் ஒரு ஓரத்துல இருக்கும்.

அதே மாதிரி வர்றவங்க போறவங்க எல்லாம், இனிமே உனக்கு மவுசு போச்சுடா, பாப்பா வந்துட்டா உன்ன பூம்பூம் மாட்டுக்காரன் கிட்ட புடிச்சு குடுத்துருவோம்னு விளையாட்டுக்கு சொல்வாங்க. அவனுக்கு அது விளையாட்டு இல்ல. யாராவது சொன்னா அந்த இடத்துலயே, அதெல்லாம் இல்ல இவன் எங்க மூத்த ராஜான்னு அவன் காதுல விழற மாதிரி நீங்க சொல்லணும், வீட்ல பெரியவங்க நீங்க சொன்னா தான் எடுபடும்.

படுக்கை நனைக்கறது இந்த மாதிரி நேரத்துல சகஜம். திட்டாம, நாலு பேர் முன்னாடி சொல்லி காட்டாம, ரப்பர் ஷீட் போட்டு தூங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்ரூம் கூட்டிட்டு போயிருங்க, போகப்போக சரியாயிடும். ஒண்ணுக்கு போறப்ப எரியுதுன்னு சொன்னாலோ, ரொம்ப தாகம் எடுத்து தண்ணியா குடிச்சாலோ மட்டும் டாக்டர் கிட்ட காட்டிருங்க. உங்க கிட்ட வரலன்னு வருத்தப்படாதீங்க. அம்மா கிட்ட இருந்து பிரிச்சு தூக்கிட்டு போனா இன்னும் ஒட்டிக்குவான். அவங்க அம்மா படுத்திருக்கற கட்டில் ஓரத்துலயே நீங்களும் உக்காந்து அவன் கூட விளையாடுங்க. வெண்டக்காய் காம்ப வெட்டி மூக்குல ஒட்ட விடுங்க, பூண்டு உரிக்க குடுங்க, கதை சொல்லுங்க. கொஞ்ச நாள்ல அவனே உங்க பின்னாடி அடுப்படி வரைக்கும் வருவான். பாப்பா எப்ப வரும்னு கேட்டா மாச கணக்கு அவனுக்கு புரியாது, பொங்கலுக்கு அப்புறம் வரும், உன் பொறந்தநாளுக்கு முன்னாடி வரும்னு சொல்லுங்க. அவனுக்கு போட வேண்டிய தடுப்பூசி எதுவும் பாக்கி இருந்தா இப்பவே போட்ருங்க, கக்குவான் இருமல் மாதிரி நோயெல்லாம் மேல் குழந்தை கிட்ட இருந்து தான் பச்ச குழந்தைக்கு சுலபமா ஒட்டும்.

கேள்வி: மூணாவது குழந்தைக்கு மெட்டர்னிட்டி லீவ் கிடையாதுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க, உண்மையா? (திருப்பூர்)

பதில்: தனியார் கம்பெனில வேலைன்னா அப்படி சொல்ல முடியாது. 2017ல சட்டத்த திருத்தினப்ப மொத ரெண்டு குழந்தைக்கு 26 வாரம்னு ஏத்தினாங்க, ரெண்டு குழந்தை ஏற்கனவே இருந்தா 12 வாரம். ரெண்டுமே சம்பளத்தோட தான், முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருக்கணும், அவ்ளோ தான். அந்த 12 வாரத்துல அதிகபட்சம் 6 வாரம் பிரசவத்துக்கு முன்னாடி எடுக்கலாம். லெட்டரா எழுதி குடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு கையெழுத்தோட ஒரு காப்பி வச்சிக்கோங்க. அரசு வேலைன்னா விதி வேற, ஆனா அங்கயும் தமிழ்நாட்டு அரசு பள்ளி ஆசிரியை ஒருத்தர் லீவ் மறுத்தாங்கன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2025 மே மாசம் ஜெயிச்சாங்க. முதல் கல்யாணத்துல ரெண்டு குழந்தை இருந்து, மறுகல்யாணத்துக்கு அப்புறம் பொறந்த குழந்தைக்காக கேட்ட லீவ் அது.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை போட்டா மலம் கருப்பா போகுது, கட்டிக்கவும் செய்யுது, நிறுத்திடலாமா? வீட்ல ரெண்டு வயசு பையன் இருக்கான், என் பின்னாடியே சுத்துவான், ரெஸ்ட்டே இல்ல. (விழுப்புரம்)

பதில்: நிறுத்தாதீங்கம்மா, கருப்பா போறது மாத்திரையால தான், பயப்பட ஒண்ணுமில்ல. டீ காபி கூட போடாதீங்க, எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேத்துக்கோங்க, கால்சியம் மாத்திரைய வேற நேரத்துக்கு தள்ளிருங்க. கீரை, கொய்யாப்பழம், தண்ணி நெறைய எடுத்தா கட்டறது கொறையும், அப்பவும் முடியலன்னா டாக்டர் வேற மாத்திரை மாத்தி தருவாங்க.

பையன் பின்னாடியே சுத்தறான்னு எழுதிருக்கீங்க பாருங்க, அதனால ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். அந்த மாத்திரை செகப்பா மிட்டாய் மாதிரி இருக்கும், நீங்க தினம் வாயில போடறத அவன் பாத்துட்டு இருக்கான். பெரியவங்களுக்கு மருந்தா இருக்கற அது சின்ன புள்ளைங்க நாலஞ்சு முழுங்கிட்டாலே ஆபத்து, உயிர் போற அளவுக்கு கூட போகும். தலகாணி அடில, டிவி மேல, ஹேண்ட்பேக்ல வக்காதீங்க, கை எட்டாத எடத்துல பூட்டி வைங்க, அவன் முன்னாடி போடாதீங்க. எப்பவாவது முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தா கூட வாந்தி எடுக்க வக்கறேன்னு உக்காராம மாத்திரை அட்டையோட உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. கொஞ்சம் வாந்தி எடுத்துட்டு நல்லா விளையாட ஆரம்பிச்சிட்டாலும் விடக்கூடாது, சில மணி நேரம் நல்லா இருக்கற மாதிரி இருந்துட்டு அப்புறம் தான் மோசமாகும்.