சோற்றுப் பார்சலும் வயிற்றுப் பிள்ளையும்: டொக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: டொக்டர், எனக்கு இது 14ஆவது கிழமை, முதல் பிள்ளை. கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை, மத்தியானம் கீழே உள்ள கடையில் சோற்றுப் பார்சல்தான். லண்டனில் இருக்கும் மச்சாள் ஒரு வீடியோ அனுப்பினா. பிளாஸ்டிக்கில் இருக்கும் இரசாயனம் ஓமோனைக் குழப்பி பிள்ளையின் மூளையைப் பாதிக்குமாம். அன்றிலிருந்து நித்திரை இல்லை. மாமி வீட்டில் உள்ள பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றையும் சாக்கில் கட்டிவிட்டு, எறியட்டுமா என்று கேட்கிறா.
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: முதலில் சாக்கை அவிழ்க்கச் சொல்லுங்கள் தங்கச்சி. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் போட்டு வைக்கிற டப்பாவால் பெரிதாக ஒன்றும் வராது. காய்ந்த, ஆறிய சாமானுக்குள் பிளாஸ்டிக்கிலிருந்து இறங்குவது மிகக் குறைவு. சூடும் எண்ணெயும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகச் சேருகிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும், அது உங்கள் வீட்டைவிட உங்கள் மத்தியானச் சாப்பாட்டில்தான் இருக்கிறது.

சட்டியிலிருந்து ஆவி பறக்க அள்ளிய சோறு, பக்கத்தில் பருப்பு, மேலே எண்ணெய் மிதக்கிற கோழிக்கறி, எல்லாவற்றையும் லன்ச் ஷீட்டில் மடித்து, பேப்பரில் சுற்றி, ஒரு மணித்தியாலம் கழித்து நீங்கள் பிரிக்கும்போது ஷீட் சோற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறதே, அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் சொல்கிறேன். பொலித்தீன் லன்ச் ஷீட்டை 2017இலேயே தடை செய்தார்கள், குப்பைப் பிரச்சினைக்காக. தடை ஒரு பக்கம், பார்சல் ஒரு பக்கம் என்று காலம் போகிறது. நீங்கள் ஒரு எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டியைக் கையோடு கொண்டுபோய், "அண்ணா, இதிலே போடுங்கோ" என்று நீட்டுங்கள். முதல் நாள் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், மூன்றாம் நாள் பழகிவிடும். வாழையிலையில் கட்டித் தருகிற கடை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

சரி, வீடியோ பொய்யா? முழுப்பொய் இல்லை. ஓமோன் நம் உடம்பில் மிக மிகச் சிறிய அளவில் வேலை செய்கிற சாமான், ஆகவே அதைப்போல நடிக்கிற இரசாயனமும் சிறிய அளவிலேயே குழப்பம் செய்ய முடியும். எங்கள் தொழில் இதைக் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் வெட்கமானது. 1938இல் இங்கிலாந்தில் சார்ள்ஸ் டொட்ஸ் என்பவர் டிஈஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது பெண் ஓமோனைப் போல வேலை செய்கிற மருந்தைச் செய்தார். கரு கலையாமல் இருக்க என்று அமெரிக்க டொக்டர்மார் அதைக் கர்ப்பிணிகளுக்கு எழுதித் தள்ளினார்கள். 1953இலேயே சிக்காகோவில் சோதித்து, கரு கலைவதை அது தடுக்கவில்லை என்று காட்டியும் நிறுத்தவில்லை. 1971இல்தான் பொஸ்டனில், அந்த மாத்திரை எடுத்த தாய்மாரின் மகள்மாருக்கு, பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும், அபூர்வமான ஒரு யோனிப் புற்றுநோய் வருவதைக் கண்டுபிடித்தார்கள். வயிற்றில் இருக்கும்போது பட்டது இருபது வருஷம் கழித்து வெளியே வரும் என்று உலகம் நம்பியது அதற்குப் பிறகுதான்.

ஆனால் அது டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்து, தினமும் மில்லிகிராம் கணக்கில் விழுங்கியது. உங்கள் பார்சலில் வருவது அதில் எத்தனையோ பங்கு குறைவு. அத்தோடு பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்பினோல் (பிபிஏ அதில் ஒன்று), பிளாஸ்டிக்கை இளக்கவும் வாசனைச் சாமானிலும் சேர்க்கிற தாலேட் போன்றவை உடம்பில் தங்குவதில்லை, ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஐந்து குடும்பங்கள் மூன்று நாள் ரின்னும் பிளாஸ்டிக்கும் படாத, புதிதாகச் சமைத்த சாப்பாடு சாப்பிட்டார்கள். சிறுநீரில் பிபிஏ ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இறங்கிவிட்டது. நீங்கள் திங்கட்கிழமை பெட்டி கொண்டுபோகத் தொடங்கினால் வியாழக்கிழமையே வித்தியாசம் இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். பிள்ளையின் மூளை வளர தைரொயிட் ஓமோன் வேண்டும். 18, 20 கிழமை வரைக்கும் அதில் பெரும்பகுதி உங்களிடமிருந்துதான் போகிறது, இந்த இரசாயனங்களில் சில கைவைப்பதும் அந்த ஓமோனில்தான். ஆகவே அயடீன் சேர்த்த உப்பு பாவியுங்கள், கிளினிக்கில் மிஸ்ஸி தருகிற மாத்திரைகளை மறக்காமல் எடுங்கள். அப்புறம், புறக்கோட்டையில் லேபலே இல்லாமல் விற்கிற வெள்ளையாக்கும் கிரீம் இருந்தால் அதை மட்டும் உண்மையிலேயே எறியுங்கள். அதில் பாதரசம் இருக்கலாம், அது தோலாலேயே உள்ளே போகும். மாமியின் சாக்கு அதற்கு உதவட்டும்.

கேள்வி: மனைவிக்கு ஐந்தாம் மாதம். பிபிஏ இல்லை என்று போட்ட போத்தல் ஒன்று 6,500 ரூபாய். வாங்கவா? வீட்டில் குடிப்பது பெரிய போத்தல் தண்ணீர்.
(தெஹிவளை வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. பிபிஏயை எடுத்த இடத்தில் பிபிஎஸ் என்று அதன் ஒன்றுவிட்ட சகோதரத்தைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கக் கூடியதுதான். கண்ணாடிப் போத்தல் ஒன்று வாங்குங்கள், மிச்சக் காசுக்கு அவவுக்கு மாம்பழம் வாங்குங்கள். அந்தப் பெரிய போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 7 என்றும் கீழே பிசி என்றும் இருந்தால் அது பொலிகாபனேட், பிபிஏயில் செய்தது. குளிர்ந்த தண்ணீருக்கு அதிலிருந்து இறங்குவது கொஞ்சம்தான், ஆனால் பல்கனி வெயிலில் நாலு நாள் வைக்காதீர்கள். சுடுதண்ணீரை அதற்குள் ஊற்றவே வேண்டாம். ஐரோப்பாவில் பால் போத்தல்களில் பிபிஏயை 2011இலேயே தடை செய்துவிட்டார்கள். பிள்ளை பிறந்ததும் பால் போத்தல் தேவைப்பட்டால் கண்ணாடியிலேயே வாங்குங்கள்.

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. அம்மா, பால், வா என்று ஒரு பத்துச் சொல்தான் வருகிறது. வயிற்றில் இருக்கும்போது நான் தினமும் வாசனைக் கிரீம் பூசினேன், நூடில்ஸைப் பிளாஸ்டிக் கோப்பையில் மைக்ரோவேவில் வைத்துச் சாப்பிட்டேன். என்னால்தானா?
(கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீங்கள் எந்த ஆய்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்று தெரிகிறது. 2018இல் சுவீடனிலும் அமெரிக்காவிலும் தாய்மாரின் சிறுநீரில் தாலேட்டை அளந்து, பிள்ளைகள் மூன்று வயதை அண்டும்போது எத்தனை சொல் பேசுகிறார்கள் என்று கேட்டார்கள். ஐம்பதோ அதற்கும் குறைவாகவோ சொல் பேசிய பிள்ளைகள் மொத்தத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர். இரண்டு வகைத் தாலேட்டுகள் இரட்டிப்பாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளில் அது பன்னிரண்டு, பதின்மூன்று என்று வரும். கவனியுங்கள், தாலேட் குறைவாகப் பட்ட பிள்ளைகளிலும் பேச்சுப் பிந்தியவர்கள் இருந்தார்கள். உங்கள் மகன் எந்தக் கணக்கில் வருகிறான் என்று உலகத்தில் எந்த டொக்டராலும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல வேண்டாம்.

வாசனைக் கிரீமை விற்றவன் நித்திரை கொள்கிறான், பூசினவ முழித்திருக்கிறா. எனக்கு இதில்தான் கோபம்.

இப்போது செய்ய வேண்டிய வேலை வேறு. மூன்று வயதில் பத்துச் சொல் என்றால் "ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான்" என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். அடிக்கடி சளி பிடித்து காதுக்குள் நீர் தேங்கின பிள்ளைக்கு நாம் கதைப்பது தண்ணீருக்கடியில் கேட்பது போலத்தான் கேட்கும். பிறகு பேச்சுச் சிகிச்சையாளர். பொரளையில் லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது, உங்கள் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கிலும் எங்கே போவது என்று எழுதித் தருவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் காட்டுகிறானா, இவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே அதைத்தான் கேட்பார்கள். வீட்டில் தமிழும் வெளியே சிங்களமும் கேட்பதால் பேச்சு பிந்தாது, ஒரு மொழியை நிறுத்தச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். போனை மட்டும் வாங்கி வையுங்கள்.

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். எங்கள் ஊர் வழக்கப்படி பால் சுரக்க சுறாப்புட்டு கொடுக்கலாமா? மீனில் பாதரசம் என்கிறார்களே.
(பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: பெரிய சுறா வேண்டாம், தளப்பத்தும் வேண்டாம். மீன் எவ்வளவு பெரிதோ, எவ்வளவு காலம் மற்ற மீனைத் தின்றதோ, அவ்வளவு பாதரசம் அதன் சதையில் சேரும். குட்டிச் சுறாவில் அது குறைவு, ஆசைக்கு ஒருநாள் புட்டு அவித்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். தினமும் கொடுப்பதற்கு நெத்தலி, சூடை, சாளை. பால் சுரப்பது பிள்ளை அடிக்கடி உறிஞ்சுவதால்தான், சுறாவுக்கு அதில் பெரிய பங்கில்லை. மகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவவுக்குச் சுறா பிடிக்குமா என்று நீங்கள் எழுதவே இல்லை.